ஒரே சிம்பொனி, வேறு வேறு பதிவுகள்: இசை நடத்துநர் உண்மையில் என்ன செய்கிறார்?

2025 மார்ச் 8 அன்று லண்டனின் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' அரங்கேறியதைத் தொடர்ந்து, சிம்பொனி என்ற சொல் சென்னையில் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை புழங்கத் தொடங்கியது. புழங்கிய அளவுக்கு அது புரிந்துகொள்ளப்பட்டதா என்பது ஐயம்தான். எழுதியவர் இளையராஜா, வாசித்தவர்கள் ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்க்கெஸ்ட்ராவினர் என்றால், அவர்களுக்கு முன்னால் நின்று கையசைத்த மிக்கெல் டாம்ஸுக்கு என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். தாளம் போடுகிறார் என்று சிலர் சொன்னார்கள். எல்லாமே அவருடைய கையில்தான் இருக்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். முதல் விடை அவரைக் கடிகாரமாக்குகிறது, இரண்டாவது விடை மந்திரவாதியாக்குகிறது.

இசை நடத்துநரின் வேலையைப் புரிந்துகொள்ள மேடையைப் பார்ப்பதைவிட, ஒரே படைப்பின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பதே நேர்வழி என்பது என் எண்ணம். அதற்கு எடுத்துக்காட்டாக, எனக்கு மிகவும் பிடித்த பதிவு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, கார்லோஸ் கிளைபர் நடத்தி, 1974இல் டாய்ச்சே கிராமஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்யப்பட்டது அது.

பாடாந்தரம் என்ற நுழைவாயில்

சபாக்களில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். 'எந்தரோ மகானுபாவுலு' தியாகராஜருடையது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனாலும் இரண்டு வித்வான்கள் அதைப் பாடினால், சாகித்யமும் ராகமும் தாளமும் ஒன்றாகவே இருக்க, கேட்பவருக்கு இரண்டு வெவ்வேறு அனுபவங்கள் கிடைக்கின்றன. ஒருவர் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, சற்றே தளர்த்தி ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் கொடுப்பார். மற்றவர் விறுவிறுவென்று கொண்டுபோய்க் குறிப்பிட்ட ஒரு சங்கதியில் மட்டும் அழுத்தம் வைப்பார். குருவிடமிருந்து வந்த பாடம், சொந்த ரசனை, குரலின் தன்மை ஆகியவை சேர்ந்து உருவாகும் இந்த வேறுபாட்டைப் பாடாந்தரம் என்கிறோம். சிம்பொனிப் பதிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடும் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஆனால் இந்த ஒப்பீட்டை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. சிம்பொனி என்பது பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதப்படும், பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. அந்தப் பகுதி ஒவ்வொன்றையும் மூவ்மென்ட் என்கிறார்கள். எந்தக் கருவி எந்த நொடியில் எந்த ஸ்வரத்தை வாசிக்க வேண்டும் என்பது முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. எல்லாக் கருவிகளின் வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் அந்தப் புத்தகத்துக்கு ஸ்கோர் என்று பெயர். இதில் நிரவலும் இல்லை, கல்பனாஸ்வரமும் இல்லை, அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஒரு சுற்றுக் கூட்டிப் பாடும் சுதந்திரமும் இல்லை. இன்னொரு விநோதமும் உண்டு: பாடாந்தரத்தைத் தீர்மானிக்கிறவர் இங்கே ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: படைப்பு எழுதியவருடையது, ஒலி வாசிப்பவர்களுடையது, பாடாந்தரம் நடத்துநருடையது. எல்லாமே எழுதப்பட்டிருக்கும்போது பாடாந்தரத்துக்கு இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

ஸ்கோர் சொல்லாமல் விட்டவை

ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் உலகத்தில் பெரும்பாலானோர் காதில் விழுந்த ஒன்று: மூன்று குறுகிய ஸ்வரங்கள், பிறகு நீண்ட ஒன்று. விளம்பரங்களிலும் செல்பேசி மணியிலும் கேட்டுப் பழகிய அந்த நான்கு ஸ்வரங்களை ஸ்கோரில் பார்க்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது ஒரு மௌனம். பீத்தோவன் ஒலியோடு தொடங்கவில்லை. தட்டு விழுகிற இடத்தில் மிகச் சிறிய இடைவெளி விட்டு, அதற்குப் பிறகே மூன்று ஸ்வரங்களையும் வைக்கிறார். சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கும் எடுப்பு என்றால் கர்நாடக இசை ரசிகர்களுக்கு உடனே விளங்கும். மௌனத்தோடு சேர்த்து எண்ணும்போதுதான் அந்த மூன்று ஸ்வரங்களில் ஒரு முந்தித் தள்ளல் இருப்பது புரிகிறது. அதை எண்ணாமல் கேட்டால் அவை சாதுவான திஸ்ரம்போல ஒலிக்கும்.

நான்காவது ஸ்வரத்தின் தலையில் ஃபெர்மாட்டா என்ற குறி இருக்கிறது. இந்த ஸ்வரத்தை அதன் இயல்பான அளவைத் தாண்டி நீட்டிப் பிடி என்பது அதன் பொருள். நம் கார்வை போன்றது, ஆனால் அட்சரக் கணக்கு இல்லாதது. எவ்வளவு நேரம் என்று ஸ்கோர் சொல்வதில்லை. இரண்டாவது முறை அதே நான்கு ஸ்வரங்கள் கீழிறங்கி வரும்போது நீண்ட ஸ்வரத்துக்குக் கூடுதலாக ஒரு பார் எழுதப்பட்டிருக்கிறது (பார் என்பது ஒரு தாளச் சுற்றுக்கு உரிய சிறு கட்டம்). எனவே இரண்டாவது கார்வை முதலாவதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஊகிக்கலாம். முதலாவது எத்தனை நொடி, இரண்டாவது எத்தனை நொடி, நடுவில் மூச்சு விடலாமா கூடாதா என்பதையெல்லாம் யாராவது ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

அடுத்தது காலப்பிரமாணம். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று அளந்து காட்டும் மெட்ரோனோம் கருவி பீத்தோவனின் காலத்திலேயே வந்துவிட்டது. 1817இல் அவர் தம் சிம்பொனிகளுக்கு அதன் எண்களைக் கொடுத்தார். ஐந்தாம் சிம்பொனியின் முதல் மூவ்மென்டுக்கு அவர் கொடுத்த எண் நிமிடத்துக்கு 108 பார். அந்த மூவ்மென்டில் 502 பார்கள் உள்ளன. முதல் 124 பார்களைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்ற குறியையும் சேர்த்தால் 626. வகுத்துப் பார்த்தால் கார்வைகள் நீங்கலாக 6 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. கிளைபர் ஏறக்குறைய ஏழேகால் நிமிடம் எடுக்கிறார்; ஓட்டோ கிளெம்பரர் என்ற நடத்துநர் 1950களின் இறுதியில் லண்டன் ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவுடன் செய்த பதிவு கிட்டத்தட்ட 9 நிமிடம் போகிறது. அதே ஸ்வரங்கள், அதே பார்கள். எழுதியவரே எண் கொடுத்த இடத்தில் இத்தனை வேறுபாடு என்றால், எண் கொடுக்காத இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேகமாகப் போனால்தான் வீரியம் என்று நினைப்பவர்கள் கிளெம்பரரை ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். அந்த நிதானத்தில் ஒரு பாறையின் கனம் இருக்கிறது.

ஒலியின் அளவும் இப்படித்தான். பலமாக, மிக மெதுவாக என்றெல்லாம் ஸ்கோரில் எழுத்துகள் இருக்கின்றன; ஆனால் எவ்வளவு பலம், யாருடைய பலம் என்பதை அவை சொல்வதில்லை. அந்தப் புகழ்பெற்ற தொடக்கத்தை முழு ஆர்க்கெஸ்ட்ராவும் வாசிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதை வாசிப்பவை தந்திக் கருவிகளும் இரண்டு கிளாரினெட்டுகளும் மட்டுமே. அந்தக் கிளாரினெட்டின் மரத்தன்மை வயலின்களுக்கு நடுவே காதில் விழ வேண்டுமா, கரைந்துபோக வேண்டுமா? இந்தப் பங்கீட்டுக்கு பாலன்ஸ் என்று பெயர்.

சுருக்கமாக: ஸ்வரம் எழுதப்பட்டிருக்கிறது, கார்வையின் நீளமும் காலப்பிரமாணத்தின் நெகிழ்வும் பலத்தின் பங்கீடும் திறந்தே கிடக்கின்றன. நடத்துநரின் பாடாந்தரம் இந்தத் திறந்த இடங்களில்தான் வாழ்கிறது.

ஒலி வருவதற்கு முந்தைய கையசைவு

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களைப் பற்றி அறிந்தவர்கள், வயலின் குழுவினர் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கிளிக் என்று சீராக விழும் தட்டைக் கேட்டு வாசிப்பதைச் சொல்வார்கள். அங்கே காலப்பிரமாணத்தைக் கணினி வைத்திருக்கிறது. நடத்துநர் என்றால் தாளம் போடுகிறவர் என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் அந்தக் கிளிக் கிடையாது.

அது இல்லாமல் எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிப்பதில் ஓர் இயற்பியல் சிக்கல் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையின் ஒரு மூலையிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருப்பவரை அடைய நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது. பின்வரிசை டிரம்பெட்காரர் முன்வரிசை வயலினைக் காதால் கேட்டு, அதற்கேற்ப வாசித்தால், அவருடைய ஒலி அரங்கத்துக்குப் பிந்தியே வந்து சேரும். ஒளிக்கு இந்தத் தாமதம் இல்லை. அதனால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒரு சைகை தேவைப்படுகிறது. இந்தப் பணியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியவரோ முதல் வயலின்காரரோ வாசித்துக்கொண்டே பார்த்துக்கொண்டார்கள். படைப்புகள் பெரிதாகப் பெரிதாக அது போதவில்லை. ஐந்தாம் சிம்பொனி அரங்கேறிய 1808 டிசம்பர் 22ஆம் நாள், வியன்னாவின் குளிர்ந்த தியேட்டர் ஆன் டெர் வீன் அரங்கில், காது மங்கிக்கொண்டிருந்த பீத்தோவனே சுமார் 4 மணி நேர நிகழ்ச்சியை நடத்தினார். போதிய ஒத்திகை இல்லாததால் அன்றைய இறுதிப் படைப்பு நடுவில் குலைந்து, நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இனி சைகைக்கு வருவோம். நடத்துநரின் கை கீழே இறங்கும் நொடியில் ஒலி பிறக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. தகவல் முழுவதும் அதற்கு முன்பே, கை மேலே எழும்பும் அந்த ஒரு தட்டு நேரத்தில் இருக்கிறது. இதை முன்சைகை என்று வைத்துக்கொள்வோம். கை எழும் வேகம் காலப்பிரமாணத்தைச் சொல்கிறது, எழும் உயரம் பலத்தைச் சொல்கிறது, கையும் தோளும் இறுகியிருக்கின்றனவா தளர்ந்திருக்கின்றனவா என்பது ஒலியின் குணத்தைச் சொல்கிறது. வாசிப்பவர்கள் அதோடு சேர்ந்து மூச்சிழுக்கிறார்கள். இப்போது ஐந்தாம் சிம்பொனியின் முதல் பாருக்குத் திரும்பினால், நடத்துநர்கள் ஏன் அந்த இடத்தைக் கண்டு நடுங்குகிறார்கள் என்பது விளங்கும். கை இறங்கும் இடத்தில் இருப்பது மௌனம். அந்த மௌனத்தின் மீது மோதித் தெறித்தாற்போல மூன்று ஸ்வரங்களும் கிளம்ப வேண்டும். முன்சைகையில் சிறு தயக்கம் இருந்தாலும் முதல் ஸ்வரமே பிசிறடிக்கும்.

மேடையில் தெரியும் சைகையைவிடப் பெரிய வேலை ஒத்திகையில் நடக்கிறது. கிளைபர் தம் கைப்படக் குறிப்பெழுதிய வாசிப்புப் பிரதிகளைச் சொந்தமாக வைத்திருந்தார். வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்பது உட்பட அவற்றில் குறித்திருந்தார். 1982இல் வியன்னாவில் பீத்தோவனின் நான்காம் சிம்பொனி ஒத்திகையில், இரண்டாம் மூவ்மென்டின் தாளத்துணுக்கு ஒன்றை "தெரேஸ், தெரேஸ்" என்று பெண் பெயரைச் சொல்வதுபோல வாசிக்கும்படி அவர் கேட்டதாகவும், வாசித்தவர்கள் "மாரி, மாரி" என்பதுபோல வாசித்ததால் ஒத்திகையை விட்டே வெளியேறியதாகவும் ஒரு கதை இசை உலகில் பிரபலம். சொல்கட்டு சொல்லி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தகதிமி என்பதும் தகஜுணு என்பதும் எண்ணிக்கையில் ஒன்றே என்றாலும் கையில் விழும்போது ஒன்றல்ல என்று எந்த மிருதங்க ஆசிரியரும் சொல்வார். கோபித்துக்கொண்டு போனது சரியா என்பது வேறு விஷயம்.

கையசைவின் அழகுக்கும் இசையின் தரத்துக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்குக் கிளெம்பரரே சாட்சி. 1939இல் நடந்த மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய உடலின் வலப்பக்கம் ஓரளவு செயலிழந்தது. அதன் பின்னரும் அவர் நடத்திய பீத்தோவன் பதிவுகள் இன்றுவரை அளவுகோலாக இருக்கின்றன.

எனவே தாளம் போடுவது நடத்துநரின் வேலையில் ஒரு சிறு பங்கு. ஒத்திகையில் தீர்மானித்ததை, ஒலிக்கு ஒரு தட்டு முன்னதாக நினைவூட்டுவதுதான் மேடையில் அவர் செய்வது.

கிளைபரின் 1974ஆம் ஆண்டுப் பதிவு

கார்லோஸ் கிளைபர் 1930இல் பெர்லினில் பிறந்தார். தந்தை எரிஷ் கிளைபரும் பெயர்பெற்ற நடத்துநர். குடும்பம் அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்ததும் கார்ல் என்ற பெயர் கார்லோஸ் ஆயிற்று. சூரிக்கில் சிறிது காலம் வேதியியல் படித்துவிட்டு இசைக்குத் திரும்பினார். 2004இல் மறையும்வரை அவர் செய்த ஸ்டுடியோப் பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தந்தை 1953இல் ஆம்ஸ்டர்டாமில் இதே ஐந்தாம் சிம்பொனியைப் பதிவு செய்து பாராட்டுப் பெற்றிருந்தார். அந்தப் பதிவு கண்முன் இருக்கும்போது மகன் அதையே தொட்டது சிறிய துணிச்சல் இல்லை.

தொடக்கத்துக் கார்வைகளைக் கிளைபர் பிரகடனமாக நிறுத்தி வைப்பதில்லை. பிடிக்கிறார், விடுகிறார், உடனே பாய்கிறார். இதற்கு நேர் எதிராக, வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்ளர் என்ற ஜெர்மன் நடத்துநர் 1947 மே மாதம் போரால் சிதைந்த பெர்லினில், போருக்குப் பின் தம் மீது விதிக்கப்பட்டிருந்த தடை நீங்கி மேடைக்குத் திரும்பியபோது நடத்திய பதிவில், அந்த நான்கு ஸ்வரங்களும் தீர்ப்பு வாசிக்கப்படுவதுபோலக் கனத்து விழுகின்றன. கார்வை எப்போது முடியும் என்று நமக்கு மூச்சு முட்டுகிறது. ஃபுர்ட்வெங்ளரின் காலப்பிரமாணம் உணர்ச்சிக்கேற்ப விரிந்து சுருங்குகிறது. கிளைபரின் காலப்பிரமாணம் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. ஆனால் அந்தக் கோட்டுக்குள்ளே ஒவ்வொரு சொற்றொடரும் தனித்தனியாக மூச்சு விடுகிறது. இறுக்கமும் துள்ளலும் ஒரே நேரத்தில் எப்படிச் சாத்தியம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுவதால்தான் எனக்கு இந்தப் பதிவின் மீது இத்தனை பற்று.

ஆனால் புகழை முழுவதும் கிளைபருக்கே கொடுப்பது மந்திரவாதிக் கட்சியில் சேர்வதாகும். வியன்னா ஃபில்ஹார்மோனிக் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் அமைப்பு; 1933 முதல் அதற்கு நிரந்தர நடத்துநர் என்று எவரும் இல்லை. அவர்கள் வாசிக்கும் ஓபோவும் (சீவாளி வைத்து ஊதும் மரக்குழல்) ஹார்னும் (சுருண்ட பித்தளை ஊதுகருவி) பிற ஊர்களில் புழங்குபவற்றிலிருந்து அமைப்பிலேயே வேறுபட்டவை. முதல் மூவ்மென்டின் பின்பாதியில் எல்லாக் கருவிகளும் சட்டென்று நின்றுவிட, ஓர் ஓபோ மட்டும் தனியே புலம்புவதுபோலச் சில நொடிகள் வாசிக்கும் இடத்தில், அந்தக் குரலின் தன்மை கருவியிலிருந்தும் வாசிப்பவரிடமிருந்தும் வருகிறது. பதிவு நடந்த வியன்னாவின் முசிக்ஃபெரைன் அரங்கமும், 1870 முதல் இயங்கும் அந்த நீள்சதுரக் கூடத்தின் எதிரொலியும், ஒலிக்கு ஒரு பொன்னிற வெதுவெதுப்பைச் சேர்க்கின்றன.

பதிவு என்பது கச்சேரியின் புகைப்படம் என்ற எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். ஃபுர்ட்வெங்ளரின் 1947 பதிவு மேடை நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அவையின் இருப்பை அதில் உணரலாம். கிளைபருடையது பல அமர்வுகளில் பதிந்து, சரியாக வந்த பகுதிகளைத் தேர்ந்து இணைத்து உருவாக்கிய ஸ்டுடியோப் பதிவு. அதை ஏமாற்று என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தத் துண்டு சரி என்று தேர்ந்தெடுப்பதும் பாடாந்தரத்தின் பகுதிதான். தவிரவும், 2005 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் முதலாம் ஆண்டு நினைவாக ஜூபின் மேத்தா பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவுடன் மியூசிக் அகாடமியில் நடத்தியது போன்ற வாய்ப்புகள் சென்னைக்கு எப்போதாவதுதான் வாய்க்கின்றன. மற்ற நாள்களில் நமக்குப் பதிவுதான் கச்சேரி.

சென்னை வீட்டில் எப்படிக் கேட்பது

செயலியில் தேடும்போது படைப்பின் பெயரை மட்டும் இட்டால் நூற்றுக்கணக்கான பதிவுகள் வந்து குவியும்; நடத்துநர், ஆர்க்கெஸ்ட்ரா ஆகிய இரண்டு பெயர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். முதலில் முழு சிம்பொனியையும் கேட்க முயல வேண்டாம். கிளைபர், ஃபுர்ட்வெங்ளர், கிளெம்பரர் மூவரின் முதல் அரை நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டு, கார்வைகளை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது: கிளைபர் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்கார வைத்திருப்பதால், ஒரு பக்கம் கேட்ட கேள்விக்கு மறுபக்கம் விடை வருவது தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் மூவ்மென்ட் முடியும் இடத்துக்கு மட்டும் மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது பெரிய தியாகம்தான். மார்கழி இரவு உத்தமம். அங்கே தந்திக் கருவிகள் ஏறக்குறைய கேட்காத அளவில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, டிம்பனி முரசு மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், சில பார்களில் இசை எழும்பி, அதுவரை வாய் திறக்காத டிரம்போன்களும் சேர்ந்து நான்காம் மூவ்மென்ட் வெடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரண்டு மூவ்மென்டுகளுக்கும் இடையே இடைவெளியே கிடையாது என்பதை அறியாத இலவசச் செயலிகள் சரியாக அந்த இடத்தில் விளம்பரம் போடுவது தனிக்கொடுமை.

காது பழகிய பிறகு ஒரு சோதனை. முதல் மூவ்மென்டில் ஏறத்தாழ முக்கால் நிமிடத்தில் ஹார்ன்கள் தனியாக ஓர் அறைகூவல் விடுக்கும். அதே அறைகூவல் பின்பாதியில் வேறு சுருதியில் திரும்ப வருகிறது. பீத்தோவன் காலத்து ஹார்னில் ஸ்வரத்தை மாற்ற உதவும் வால்வு இல்லாததால் அந்தச் சுருதியில் அதை முழு பலத்தோடு வாசிக்க முடியாது, எனவே அவர் அதை பசூன்களுக்கு (கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் நீண்ட மரக்குழல்கள்) கொடுத்தார். இன்றைய ஹார்னுக்கு அந்தத் தடை இல்லை என்று சொல்லிப் பல நடத்துநர்கள் அதை ஹார்னுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும், பசூனின் கரகரப்பில்தான் சுவை என்று மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கேட்கும் பதிவில் அந்த இடத்தில் ஒலிப்பது எது என்று கண்டுபிடியுங்கள். எனக்கு பசூன் கட்சிதான் பிடிக்கும், ஆனால் ஹார்ன் கட்சியிலும் பெரிய தலைகள் பலர் இருக்கிறார்கள்.